வழிநூலும் புடைநூலும்: ‘ஆம்பர் கேலக்டிக்’ இசைத்தொகுப்பு குறித்த ஓர் ஆய்வு

நூல்களை அவற்றின் பிறப்புமுறை நோக்கிப் பாகுபடுத்துதல் நம் இலக்கண நூலார் கண்ட நெறிகளுள் ஒன்று. தொல்காப்பியர் மரபியலுள் முதல், வழி என இரண்டனை விளக்கினார். நன்னூலார் சார்பினையும் உடன் எண்ணி மூன்றாக்கியதோடு, அம்மூன்றாவதற்குப் ‘புடைநூல்’ என்னும் பெயரையும் ஆண்டார். முன்னோன் முடிபோடு ஒத்து நின்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் உடன் வைத்து, மரபு கெடாமல் நடப்பது வழிநூல். முன்னை நூல்களோடு ஒருபுடையே ஒத்து, ஏனையவற்றால் வேறுபடுவது புடைநூல். இப்பாகுபாடு ஏட்டில் எழுதப்பெறும் நூல்களுக்கே உரியதா, மரபு உள்ள எக்கலைக்கும் பொருந்துமா என்பது வினா. இவ்வினாவினை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும். எடுத்துக்கொண்ட பொருள், சுவீடன் நாட்டு ‘நைட் ஃபிளைட் ஆர்கெஸ்ட்ரா’ என்னும் குழு 2017-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘ஆம்பர் கேலக்டிக்’ என்னும் இசைத்தொகுப்பு.

தமிழாராய்ச்சி இதழில் மேனாட்டு ராக் இசைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். துலாக்கோலின் நேர்மையை அறிய வேண்டின், நாம் நாள்தோறும் நிறுக்கும் பொருளைவிட, இதுவரை நிறுத்தறியாத பொருளை இட்டுப் பார்த்தலே தக்கது. அவ்வளவே யாம் கூறும் விடை.

முதற்கண் ஒரு சொல்லை வரையறுத்துக் கோடல் வேண்டும். ராக் இசை உலகில், பெயர் பெற்ற ஒரு குழுவில் இருப்போர் அக்குழுவை விட்டு நீங்காமலே, வேறு சிலரோடு கூடி, வேறொரு நடையில் இசைத்தற்கு அமைத்துக்கொள்ளும் குழுவைப் பக்கக்குழு என்பர். நன்னூலார் ஆண்ட ‘புடை’ என்னும் சொல்லும் பக்கம் என்னும் பொருளதே ஆகலின், இதனைப் ‘புடைக்குழு’ என்று வழங்குதல் பொருத்தமாகும். தாய்க்குழு வலியதாகவும் கடுமையதாகவும் இருக்கும்போது புடைக்குழு மெல்லிய நடையை நாடுதல் பெரும்பான்மை. ஈண்டு நாம் ஆராயும் குழுவும் அத்தகையதே.

1990-களில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரைச் சூழ்ந்து ஒரு புதுவகை மெட்டல் இசை வளர்ந்தது. உறுமலாக ஒலிக்கும் குரலும் கடுவிரைவான டிரம் முழக்கமும் ஒருபுறம். பிரிட்டன் நாட்டு அயர்ன் மெய்டன் குழுவினரிடமிருந்து கற்ற, இரு கிதார்கள் இணைந்து இழைக்கும் இன்மெட்டு மறுபுறம். இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்ததே அவ்விசையின் புதுமை. அட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் டிராங்குவிலிட்டி என்பன அதனை நிறுவிய குழுக்கள். தென்கோடியில், டென்மார்க்கை எதிர்நோக்கி நிற்கும் ஹெல்சிங்போரி என்னும் துறைமுக நகரில் 1995-இல் தோன்றி, அடுத்த ஆண்டில் ‘சாயில்வர்க்’ எனப் பெயர் கொண்ட குழுவும் அவ்வழி வந்ததே. அதன் பாடகர் பியோர்ன் ஸ்ட்ரிட் உறுமற்குரலும் தெளிகுரலும் ஒருங்கே வல்லவர். 2002-இல் வந்த ‘நேச்சுரல் பார்ன் கேயாஸ்’ முதலாகவே பல்லவியைத் தெளிகுரலிலும் சரணத்தை உறுமற்குரலிலும் பாடுவது அவர்தம் முறையாயிற்று. இச்செய்தியை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

2007-ஆம் ஆண்டு சாயில்வர்க் குழுவினர் அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்த காலத்தில், ஸ்ட்ரிட்டும் அப்போது உடன் கிதார் இசைத்துவந்த டேவிட் ஆண்டர்சனும் நெடுவழிப் பயணத்திடையே பழைய ராக் தட்டுகளைக் கேட்டு மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியே புடைக்குழுவிற்கு வித்து. ஆண்டர்சன் தொழிலால் மருத்துவர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ஆர்ச் எனிமி குழுவில் பேஸ் கிதார் இசைப்பவரும், முன்னர் டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட் குழுவில் இருந்தவருமான ஷார்லி டி’ஆஞ்சலோ இவர்களோடு சேர்ந்தார். ரிச்சர்ட் லார்சன் விசைப்பலகையும், யோனாஸ் ஷெல்ஸ்பெக் டிரம்மும், செபாஸ்டியன் ஃபோர்ஸ்லுண்ட் கொங்கா முதலிய தாளக்கருவிகளும் ஏற்றனர். ‘இன்டர்னல் அஃபேர்ஸ்’ 2012-இலும் ‘ஸ்கைலைன் விஸ்பர்ஸ்’ 2015-இலும் இத்தாலி நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்றன் வாயிலாக வெளிவந்தன. மூன்றாவதாகிய ‘ஆம்பர் கேலக்டிக்’ செருமனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. மெட்டல் இசைக்கெனவே பெயர்பெற்ற அந்நிறுவனம் இத்தகைய மென்னடைத் தட்டினை ஏற்றமை, காலம் மாறியதற்கு ஒரு சான்று.

இனி, இத்தொகுப்பிற்கு முதல்நூல் யாது? ஒரு தட்டன்று, ஒரு மரபு. அமெரிக்க வானொலி நிலையங்கள் 1970-களில் தனிப்பாட்டுகளை மட்டும் ஒலிபரப்பாமல், ராக் தொகுப்புகளிலிருந்து பல பாட்டுகளையும் எடுத்து ஒலிபரப்பும் முறையினைக் கைக்கொண்டன. அம்முறைக்கு வழங்கிய ‘ஏ.ஓ.ஆர்.’ என்னும் சுருக்கப் பெயர், நாளடைவில் அம்முறையால் வளர்ந்த இசைநடைக்கே பெயராயிற்று. பாஸ்டன் குழுவின் 1976-ஆம் ஆண்டு முதல் தொகுப்பு, ஃபாரினர் குழுவின் ‘4’, ஜர்னி குழுவின் ‘எஸ்கேப்’ ஆகிய 1981-ஆம் ஆண்டுத் தொகுப்புகள், 1982-இல் வந்த ‘டோட்டோ 4’ என்பன அம்மரபின் தலையாயவை. சுவீடன் மக்களுக்கோ இது வெறும் இறக்குமதிச் சரக்கன்று. 1974-இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற ஆபா குழுவினர் பல்லவி புனையும் கலையை அந்நாட்டின் பொதுச்சொத்தாக்கினர். 1986-இல் யூரோப் என்னும் சுவீடன் குழு ‘த ஃபைனல் கவுண்ட்டவுன்’ வாயிலாக இந்நடையை உலகெங்கும் கொண்டு சென்றது.

இம்மரபின் இலக்கணம் எளிது. எளிதாதலின் பிழைத்தற்கும் எளிது. சரணத்தில் கிதார் அடங்கி நிற்க, விசைப்பலகை நிலைக்களம் அமைக்கும். பல்லவிக்குச் சற்று முன்னர் ஓர் ஏறுபடி வைக்கப்படும். கேட்போன் மனம் மேலே வருவதை எதிர்நோக்கி மூச்சடக்கும். பல்லவியில் பல குரல்கள் அடுக்கடுக்காய் ஒருங்கே எழும். இடையிற் கிதார் தனித்து இசைத்த பின்னர், சிற்சில பாட்டுகளில் சுருதி ஒருபடி உயர்ந்து பல்லவி மீளும். பொருளோ பெரும்பாலும் காதலும் பிரிவும் நள்ளிரவுச் சாலையும். 1991-இல் நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளிவந்ததை ஒட்டி அமெரிக்க வானொலியும் தொலைக்காட்சியும் இந்நடையைக் கைவிட்டன. அழகு மிகுந்து உண்மை குறைந்தது என்பதே அன்று அதன்மேல் எழுந்த குற்றச்சாட்டு. அதன்பின் அது சிறுபான்மையோர் சுவையாய்ச் சுருங்கியது. 1996-இல் இத்தாலியின் நேப்பிள்சில் தோன்றிய ஃபிரான்டியர்ஸ் நிறுவனம் போன்றவை அதனை அழியாது காத்தன.

மெட்டல் இசைஞர் புடைக்குழு அமைத்து இந்நடையிற் புகுந்தமை நைட் ஃபிளைட் ஆர்கெஸ்ட்ராவிற் தொடங்கியதன்று. அயர்ன் மெய்டன் குழுவின் கிதார் இசைஞர் ஏட்ரியன் ஸ்மித் 1989-இல் தாமே பாடியும் இசைத்தும் ‘சில்வர் அண்ட் கோல்ட்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். மெட்டல் விரும்பிகள் அதனைப் புறக்கணித்தனர். வானொலிக் கேட்போரும் வரவேற்றிலர். அடுத்த ஆண்டே அவர் தாய்க்குழுவினின்று நீங்கினார், 1999-இலேதான் மீண்டார். ஹெலோவீன் குழுவின் முன்னைப் பாடகர் மைக்கேல் கிஸ்கே 2005-இல் ‘பிளேஸ் வான்டோம்’ என்னும் பெயரிற் பாடிய தொகுப்போ நல்வரவு பெற்றது. இரண்டுக்கும் இடையே கிடந்த பதினாறு ஆண்டுகளிற் பாட்டின் தரம் மாறிற்றென்று சொல்லல் இயலாது. ஸ்மித்தின் தொகுப்பில் இன்றும் கேட்கத்தக்க பாட்டுகள் பல. மாறியது கேட்போரின் ஐயம். 1989-இல் இம்மென்னடை சந்தையின் நடை. ஆகலின் வன்னடையாளன் ஒருவன் அதனைப் பாடினால், பொருள் விழைந்து பாடினான் என்றே கொண்டனர். 2005-இலோ 2017-இலோ இந்நடையாற் பெரும்பொருள் வாராது என்பது யாவரும் அறிந்தது. எனவே அவ்வையம் ஒழிந்தது. ஒழிந்த இடத்தில் வேறோர் ஐயம் வந்து அமர்ந்தது. ‘இவர்கள் மெய்யாகவே பாடுகின்றனரா, நகையாடுகின்றனரா?’ என்பதே அது.

இவ்வையத்தைத் தள்ளிவிட்டு மேற்செல்லல் ஆகாது. இத்தொகுப்பின் மதிப்பு முழுவதும் அதனைப் பற்றியே நிற்கிறது. நகைக்கு இடந்தரும் செய்திகள் மெய்யாகவே உள. குழுவினர் விமானிகளைப்போல் உடுத்து மேடையேறுவர். உடன்பாடும் மகளிர் விமானப் பணிப்பெண்களின் கோலம் பூண்டு ‘ஏர்லைன் அன்னாஸ்’ எனப் பெயர் கொண்டனர். பாட்டுகளின் பெயர்களோ ‘மிட்நைட் ஃபிளையர்’, ‘ஸ்டார் ஆஃப் ரியோ’, ‘ஸ்பேஸ் விஸ்பரர்’, ‘சாட்டர்ன் இன் வெல்வெட்’ என்றெல்லாம் பட்டுடுத்தி நிற்கின்றன. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக்கினார். வெளிப்படப் பழித்தல் ஈண்டு இல்லை என்பது தெளிவு. பழி கரந்த அங்கதமோ எனின், அதனை ஆராய்தல் வேண்டும்.

அங்கதத்திற்கு இன்றியமையாதது, பாடுவோனும் கேட்போனும் பாடுபொருளினும் மேலிடத்தில் நிற்றல். பழிக்கப்படும் நடையின் குறைகளைப் பெரிதுபடுத்திக் காட்டினாலன்றி அந்நிலை அமையாது. ‘ஆம்பர் கேலக்டிக்’ அவ்வாறு செய்கின்றதா? முதற்பாட்டாகிய ‘மிட்நைட் ஃபிளையர்’ இவ்வினாவிற்கு விடை தருகிறது. அதன் விரைவும் கிதாரின் கூர்மையும் நடையைக் கேலி செய்வன அல்ல. நடைக்கு வலிமை சேர்ப்பன. பல்லவிக்கு முந்தைய ஏறுபடியை மிகைப்படுத்தி நகைப்பூட்டும் வாய்ப்பு இசைஞர்க்கு இருந்தது. அவர்களோ அதனைத் தக்க அளவில் நிறுத்திப் பல்லவியைத் திறந்துவிடுகின்றனர். கேட்போன் பல்லவிக்கு மேலே நிற்றல் இயலாது, உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறான். உடை நகைப்பூட்டுவது, பாட்டு நகைப்பூட்டுவதன்று. கூத்தனின் ஒப்பனையைக் கண்டு கூத்தினையே பொய்யென்பார் உளரோ?

ஆயின் நேர்ப்படப் பாடியமை மட்டும் பெருமையாகாது. பழைய பாட்டை அப்படியே திரும்பப் பாடுவோனும் நேர்ப்படத்தான் பாடுகிறான். வழிநூல் என்னும் பெயர்க்கு உரிமை வேண்டின், பின்னோன் வேண்டும் வேறுபாடு எங்கே என்று வினவுதல் நம் கடன். இங்கே தான் இத்தொகுப்பின் சிறப்பு யாம் எண்ணியதினும் மிகுதியாய்க் காணப்படுகிறது.

வேறுபாடுகளுள் முதலாவது தொகுத்தலைச் சார்ந்தது. தொல்காப்பியர் வழிநூல் நால்வகைப்படும் என்று கூறித் தொகுத்தலை முதலில் வைத்தார். 1976 முதல் 1985 வரை உள்ள பத்தாண்டில் ராக் இசையும் டிஸ்கோ என்னும் நடன இசையும் பகைப்புலங்களாகவே கருதப்பட்டன. கிஸ் குழுவினர் 1979-இல் டிஸ்கோத் தாளத்திற்கு ஒரு பாட்டு அமைத்தமைக்காகத் தம் விரும்பிகளாலேயே இகழப்பட்டனர். அன்று ஒன்றையொன்று வெறுத்த நடைகளை இத்தொகுப்பு ஒரே பந்தியில் அமரச் செய்கிறது. ‘ஜெமினி’ என்னும் பாட்டில் நடனத்திற்குரிய தாளமும் சிந்தசைசரின் துள்ளலும் கிதாரோடு பகையின்றிக் கூடுகின்றன. முதல்நூலின் காலத்தார்க்கு இத்தொகை இயலாததாய் இருந்தது. காலத்தால் விலகி நிற்போனுக்கே அன்றைய கட்சிப் பகை மறந்து, எல்லாவற்றையும் ஒரு மரபாய்க் காணும் கண் வாய்க்கும். தொகைநூல்களைத் தொகுத்தோர்க்கு வாய்த்த கண்ணும் இத்தகையதே போலும்.

அடுத்த வேறுபாடு குரலைப் பற்றியது. சாயில்வர்க் குழுவில் ஸ்ட்ரிட் இருகுரலாற் பாடுகிறார் என்று மேலே கூறினேம். ஆண்டுத் தெளிகுரல் ஓய்விடம். உறுமலின் கொடுமைக்குப் பின்னர் வரும் நிழல். இத்தொகுப்பிலோ உறுமற்குரல் முற்றிலும் நீக்கப்பட்டது. நிழல் மட்டும் எஞ்ச, வெயில் எங்கே என்று கேட்கத் தோன்றும். உற்றுக் கேட்பின் வெயில் குரலுக்குள்ளேயே கிடப்பதை உணரலாம். ஜர்னி குழுவின் ஸ்டீவ் பெர்ரியைப்போல் மிதந்து செல்லும் குரலன்று இது. உயர்ந்த இடத்திலும் அடியில் ஒரு கரகரப்பும் இறுக்கமும் உள. பல ஆண்டு உறுமிப் பழகிய தொண்டை, இன்மொழி பேசும்போதும் தன் வரலாற்றை முழுதும் மறைக்கமாட்டாது. ஒருபுடை ஒத்து ஏனையவற்றால் வேறுபடுதல் என்னும் புடைநூல் இலக்கணம் இவ்விடத்துப் பொருந்துகிறது. இசைநடையால் ஏ.ஓ.ஆர். மரபிற்கு வழிநூலாயும், பாடுவோராலும் பயிற்சியாலும் கோத்தன்பர்க் மெட்டலுக்குப் புடைநூலாயும் இத்தொகுப்பு நிற்கின்றது. ஒரு நூல் ஒரே காலத்து ஒன்றற்கு வழியும் மற்றொன்றற்குப் புடையும் ஆதல் கூடுமோ என்பதை நம் உரையாசிரியர்கள் எடுத்து ஆராய்ந்ததாக யாம் கண்டிலம். பாகுபாட்டின் எல்லை இங்கே சிறிது நெகிழ்கிறது; நெகிழ்வது குறையன்று.

‘டோமினோ’ என்னும் பாட்டு தனித்து எடுத்துப் பேசத்தக்கது; தொகுப்பின் உச்சம் இதுவே என்பது எம் துணிபு. கிதார் பின்வாங்கி, விசைப்பலகை முன்வந்து, பேஸ் கிதார் அடங்கிய நடையிற் செல்ல, பாட்டு முழுவதும் ஒரு தயக்கம் பரவுகிறது. மெட்டல் இசைஞர்க்கு அடங்கி இசைத்தல் அரிது. அவர்கள் பயின்றதெல்லாம் வெளியை நிரப்புதல். இங்கே ஷெல்ஸ்பெக்கின் டிரம் எத்துணை இடத்தை வெறுமையாய் விட்டிருக்கிறது என்பதை இரண்டாம் முறை கேட்கும்போதே உணர்ந்தேன். டி’ஆஞ்சலோவின் பேஸ் ஒலியும் அத்தகையது. ஆர்ச் எனிமி தட்டுகளில் கிதார்களின் முழக்கத்துள் மூழ்கிக் கிடக்கும் அவ்விரல்கள், ஈண்டு முதன்முறையாகத் தெளிவுறக் கேட்கப்படுகின்றன. புடைக்குழுவின் பயன் இதுவெனலாம். தாய்க்குழு மறைத்த ஒன்றைப் புடைக்குழு வெளிக்கொணர்கிறது.

இனிப் பெயர் பற்றிய ஒரு செய்தி. அகத்திணை ஐந்திணையுள் தலைமக்களின் இயற்பெயர் கூறப்படலாகாது என்பது நாம் அறிந்த மரபு. ஏ.ஓ.ஆர். மரபோ இதற்கு நேர்மாறு. பெண்ணின் பெயரே பல்லவியாதல் அங்கே வழக்கு. டோட்டோவின் ‘ரொசானா’, ஸ்டீவ் பெர்ரியின் ‘ஓ ஷெரி’, பாஸ்டனின் ‘அமாண்டா’, யூரோப்பின் ‘கேரி’ என அடுக்கிக்கொண்டே போகலாம். ‘ஆம்பர் கேலக்டிக்’ தொகுப்பிலும் ‘ஜென்னி’, ‘ஜோசஃபின்’ என இரண்டு பாட்டுகள் அவ்வழக்கைப் போற்றுகின்றன. பெயர் சொன்னமையால் இவை ஒரு தனிப்பெண்ணைச் சுட்டுவனவாகி அகத்தின் பொதுமையை இழந்தனவோ எனின், இல்லை. ஜென்னி யார், அவள் ஊர் யாது, அவள் நிறம் யாது என்பவற்றுள் ஒன்றும் நமக்கு மனத்திற் பதிவதில்லை. பெயர் ஈண்டு ஆளைச் சுட்டுவதன்று. அசைகளாய் நின்று பல்லவியின் மெட்டைத் தாங்குவது. பாடுவோன் அழைப்பதற்கு ஒரு விளி வேண்டும். அவ்விளிக்கு வாய் நிறைந்த ஒலி வேண்டும். எனவே பெயர் கூறாமையால் அகப்பாட்டு பெற்ற பொதுமையை, பெயரை வெற்றொலியாக்குவதால் இம்மரபு பெறுகிறது. ஒப்புமை கண்டவுடன் மகிழ்ந்துவிடும் நோய் நம் துறையினர்க்கு உண்டு. யாம் அதற்கு விலக்கல்லேம். ஆதலின் இவ்வொப்புமை இவ்வளவில் அமைக.

இதே இடத்தில்தான் இத்தொகுப்பின் பெருங்குறையும் உளது. அகப்பாட்டில் தலைவன் கூற்றினும் தலைவி கூற்றும் தோழி கூற்றும் மிகுதி. பிரிந்து செல்வோனைவிட இருந்து ஆற்றுவோளின் சொல்லே அங்கே கனம் உடையது. இத்தொகுப்பில் முதன்மைக் குரல் எப்பாட்டிலும் ஸ்ட்ரிட்டினுடையதே. எப்போதும் புறப்படுபவன் அவனே. எப்போதும் பேசுபவனும் அவனே. ஆங்காங்கே பெண்குரல் ஒலிப்பினும், அது விடை கூறுவதில்லை. உடன்பாடும் மகளிர்க்கு ஒரு சரணம், ஒரே ஒரு சரணம், தனித்து அளித்திருப்பின் ‘ஜோசஃபின்’ முற்றும் வேறொரு பாட்டாயிருக்கும். முதல்நூல் மரபிலும் இக்குறை உண்டு என்பர். வழிநூலாசிரியன் வேண்டும் வேறுபாட்டை வைத்தற்கு அதனினும் தகுந்த இடம் வேறில்லை.

விண்மீனும் கோளும் பெயர்களில் நிறைந்திருப்பினும், அவற்றாற் பாட்டின் உட்பொருள் ஆழமுறவில்லை என்பதும் கூறுதல் வேண்டும். சனிக்கோளும் இரட்டையர் விண்மீன் குழுவும் அணிக்காகவே வந்தன. ‘சேட் ஸ்டேட் ஆஃப் அஃபேர்ஸ்’ திறமாய் இசைக்கப்பட்டதேயாயினும் முதற்பாட்டு தந்ததன்மேல் ஒன்றும் தருவதில்லை. கூடுதற்பாட்டாக மிக் ஜாகர் 1985-இல் வெளியிட்ட ஒரு பாட்டினை எடுத்து இசைத்திருக்கின்றனர். மற்றொரு புகழ்மிக்க குழுவின் பாடகர் தனித்துப் பாடிய பாட்டினைப் புடைக்குழுவொன்று தேர்ந்தமை நுட்பமான நகை. அதனைத் தேர்ந்தவர் எவராயினும் வாழ்க.

பிரிவும் பயணமும் இத்தொகுப்பிற்கு வெறும் மரபுப்பொருள் மட்டுமா என்பது இனி எழும் வினா. இதனைப் பாடியோரும் இசைத்தோரும் ஆண்டின் பெரும்பகுதியை விமான நிலையங்களிலும் நெடுஞ்சாலை ஊர்திகளிலும் கழித்தவர்கள். தொழிலின்பொருட்டுப் பிரிந்தவர்கள். ‘இரவுப் பறப்பு’ என்னும் பொருளுடைய குழுப்பெயரும் அவ்வாழ்வினின்று வந்ததே. 1981-இல் நள்ளிரவுச் சாலையைப் பாடிய அமெரிக்கக் குழுக்களுக்கும் அஃது உண்மையே. ஆயின் அவர்கள் இளமையிற் புறப்பாட்டைப் பாடினர். இவர்களோ நாற்பதினை அடுத்த அகவையில், பலமுறை புறப்பட்டுப் பலமுறை மீண்ட பின்னர்ப் பாடுகின்றனர். எனவேதான் இத்தொகுப்பின் மகிழ்ச்சியினடியில் ஓர் அயர்வு கிடக்கிறது. பல்லவி எத்துணை உயர எழுந்தாலும், அது விடிவதற்குள் முடிந்துவிடும் என்பதை அறிந்த மகிழ்ச்சி அது.

இவ்வயர்வு குறித்து ஒரு திறனாய்வுச் சிக்கல் உண்டு. டேவிட் ஆண்டர்சன் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் தம் நாற்பத்தேழாம் அகவையில் மறைந்தார். அவர் இசைத்த கடைசி சாயில்வர்க் தொகுப்பு அதற்கு ஒரு திங்களுக்கும் குறைந்த நாட்களுக்கு முன்னரே, ஆகஸ்டு 19-இல் வெளிவந்திருந்தது. ‘கைவிடப்பட்ட நிலை’ என்பது அதன் சுவீடிஷ் பெயரின் பொருள். இச்செய்திகளை அறிந்தபின் ‘ஆம்பர் கேலக்டிக்’ தொகுப்பினைக் கேட்போர், அதன் ஒவ்வொரு மெல்லிய இடத்திலும் அவர் முடிவைக் கேட்கத் தலைப்பட்டனர். யானும் அப்பிழைக்கு ஆளானேன். அச்செய்தி வந்த வாரத்தில் ‘டோமினோ’வைக் கேட்டபோது அது கையறுநிலைப் பாட்டாகவே எனக்கு ஒலித்தது.

பாடியவன் வாழ்வின் பின்நிகழ்ச்சியைக் கொண்டு முன்பாடிய பாட்டிற்குப் பொருள் காணல் வழு. புலவர்தம் கதைகளைப் பாட்டினின்றே புனைந்து, பின்னர் அக்கதைகளைக் கொண்டே பாட்டிற்கு உரை காணும் வழக்கத்தால் நம் இலக்கிய வரலாறு பட்ட பாட்டினை அறிஞர் அறிவர். எனினும், வழுவென்று ஒதுக்கியபின்னும் அயர்வு அங்கே இருக்கத்தான் செய்கிறது. 2018-இல் இத்தொகுப்பைக் கேட்டு எழுதிவைத்த என் குறிப்பேட்டைப் பின்னர்த் தேடியெடுத்துப் பார்த்தேன். ‘டோமினோ’விற்கு நேரே ‘மகிழ்ச்சியான பாட்டன்று’ என ஒரு தொடரும், அதன் கீழ்க் ‘காரணம் தெரியவில்லை’ என மற்றொன்றும் எழுதப்பட்டிருந்தன. ஆகவே அத்துயரம் 2022-இல் நாம் உள்ளே வைத்ததன்று. அஃது ஆண்டர்சன் ஒருவருடையது என்று சொல்லுதற்கும் சான்றில்லை. பாட்டுகளை ஆக்கியதில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டாயினும், பாடியது ஸ்ட்ரிட்டின் குரல்; தயங்கியது ஷெல்ஸ்பெக்கின் டிரம்; அடங்கி நின்றது டி’ஆஞ்சலோவின் பேஸ். துயரம் குழுவினுடையது; அதற்கும் மேலாக, தன் காலம் கழிந்தபின் பாடப்பெறும் ஒரு நடையினுடையது. இனி வாராத ஒரு காலத்தின் மெட்டினை எடுத்தவுடனேயே பாலையின் வெம்மை உடன் வந்துவிடுகிறது. ஆண்டர்சனின் மறைவு அவ்வெம்மையை உண்டாக்கவில்லை. நமக்குப் புலப்படச் செய்தது.

தொகுப்பின் கடைசிப் பாட்டாகிய ‘சாட்டர்ன் இன் வெல்வெட்’ ஏனையவற்றினும் நீண்டது. வானொலிக்கு ஏற்ற அளவினை அது மதிக்கவில்லை. பல்லவி முடிந்தபின்னும் முடிய மனமின்றி இசைக்கருவிகள் தொடர்ந்து செல்கின்றன. இறங்கவேண்டிய நிலத்தைக் கண்டும் வானிலே மற்றுமொரு வட்டம் இடும் விமானம்போல் அது செல்வதை முதலிற் கேட்டபோது மிகை என்று கருதினேன். இப்பொழுது அக்கருத்து எனக்கில்லை.

ஆண்டர்சன் இன்றி இக்குழு ஆக்கிய முதல் தொகுப்பு ‘கிவ் அஸ் த மூன்’ என்னும் பெயரால் 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் வெளிவந்தது. கிதார் இசைப்பவர் ராஸ்மஸ் ஏன்போர்ன். இவரும் சாயில்வர்க் குழுவினர். அத்தொகுப்பு 1981-ஐ நோக்கி நடப்பதினும் 2017-ஐ நோக்கியே மிகுதியும் நடக்கிறது என்பது எம் கருத்து. அது மெய்யாயின், வழிநூலாய்ப் பிறந்த ‘ஆம்பர் கேலக்டிக்’ எட்டு ஆண்டிற்குள் மற்றொன்றற்கு முதல்நூலாயிற்று. இரண்டனையும் பாட்டிற்குப் பாட்டு ஒப்பிட்டு ஆராயும் பணியை முதுகலை மாணாக்கர் எவரேனும் மேற்கொள்ளின், ‘டோமினோ’வினின்று தொடங்குதல் நலம்.